இணையத் தளத்திற்கு இடம் தேடுவோர்க்கு

பத்திரிகை நடத்துகிறவன் எழுத்தைப்பற்றிக் கவலைப்படும் அளவுக்கு அச்சுக்கூடத்தைப்பற்றியும் கவலைப்பட வேண்டும். அச்சுக்கூடத்தின் சாவி பிறன் கையில் இருக்குமானால் ஆசிரியனுடைய பேனாவுக்குப் பாதிச் சுதந்தரமே உண்டு. இது பத்திரிகைத் தொழிலில் பழகியவர் அனைவரும் அறிந்த பழைய உண்மை. இன்று தமிழ்நாட்டிலே சிறு பத்திரிகைகளும், வாசகசாலைகளும், தொழிற்சங்கங்களும், இலக்கியக் கழகங்களும் தத்தம் பெயரால் இணையத் தளங்கள் அமைத்து வருகின்றன. அத்தளங்களுக்கு அச்சுக்கூடமாகவும் விற்பனைக் கடையாகவும் ஒருங்கே இருப்பது, எங்கோ ஒரு கட்டிடத்தில் இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஸர்வர் என்னும் கணினியாகும். அதில் இடம் வாடகைக்கு விடும் தொழிலையே ஹோஸ்டிங் என்கிறார்கள். தளத்தின் நிறத்தையும் முகப்புச் சித்திரத்தையும் தீர்மானிப்பதற்குப் பத்துக் கூட்டம் கூட்டுகிற காரியக் கமிட்டிகள், இந்த இடத்தைத் தீர்மானிப்பதற்கு ஐந்து நிமிஷமும் செலவிடுவதில்லை. எது மலிவு என்று ஒருவர் கேட்பார். இன்னது என்று மற்றொருவர் சொல்வார். அவ்வளவில் விஷயம் முடிந்துவிடும்.

இதில் நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தக் கம்பெனியிடம் இடம் பிடிப்பது என்றே எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்தக் கம்பெனி நாளைக்கே கடையைக் கட்டினாலும், அல்லது நம்மை வெளியே போகச் சொன்னாலும், நமது பெயரையும் நமது எழுத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மறுநாளே வேறிடத்தில் கடை விரிக்க நம்மால் முடியுமா? முடியும் என்று சொல்லத்தக்க ஸ்தாபனம் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் சற்றுத் தவறினாலும் பெருநஷ்டம் அடையாது. முடியாது என்று சொல்லவேண்டிய நிலையிலுள்ள ஸ்தாபனத்துக்கு உலகத்திலுள்ள உயர்ந்த ஹோஸ்டிங்கும் பத்திரமான இடம் ஆகமாட்டாது. மற்றை ஆராய்ச்சிகள் யாவும் இதற்கு அடுத்தபடியானவையே.

முதலில், நமக்கு எவ்வளவு இடம் தேவை என்பதைக் கணக்கிடுவோம். விளம்பரங்களில் 'அளவற்ற இடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்குவோர் பலர். தமிழெழுத்துக்கள் இணையத்தில் பெரிதும் வழங்கும் யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் இடம் கொள்கின்றன. 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்தது ஆகையால் 6 பைட் கொள்ளும். இப்படிப் பார்த்தால் 2000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரைக்கு ஏறக்குறைய 55 கிலோபைட் ஆகும். மாதம் 20 கட்டுரை வெளியிடும் பத்திரிகை ஒன்று 20 வருஷம் இடைவிடாது நடந்தால் 4800 கட்டுரைகள் சேரும். அவ்வளவுக்கும் வேண்டிய இடம் 264 மெகாபைட். ஒரு ஜிகாபைட்டில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. படங்கள் சேர்ந்தால் இடம் பெருகும் என்பது மெய். அளவு பார்த்துச் சுருக்கிப் போடப்பட்ட படங்களானால் சில ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மாதத்தில் 10,000 முறை பக்கங்கள் திறக்கப்பட்டு, ஒரு பக்கம் படங்களுடன் ஒரு மெகாபைட் ஆனாலும், மாதப் போக்குவரத்து 10 ஜிகாபைட்டே ஆகும். ஆதலால் அளவற்றது என்ற பேச்சு நமக்கு வேண்டுவதில்லை. அன்றியும், அளவற்றது என்று சொல்லும் ஒப்பந்தங்களையே உள்ளே புரட்டிப் பார்த்தால், கோப்புக்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும், கணினியின் உழைப்பில் நாம் கொள்ளத்தக்க பங்குக்கு ஒரு வரம்பும் சிறிய எழுத்தில் விதித்திருப்பதைக் காணலாம்.

இடங்களில் நான்கு வகை உண்டு. முதலாவது ஷேர்டு ஹோஸ்டிங். இது நமது பட்டணங்களில் நாம் நன்கறிந்த ஒண்டுக்குடித்தனமே. ஒரே ஸர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். வாடகை சொற்பம், வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பும் வீட்டுக்காரனுடையது. ஆனால் கிணறு ஒன்றே ஆகையால் ஒரு குடித்தனத்தில் கலியாணம் நடந்தால் மற்றவர்களுக்குத் தண்ணீர் எட்டாது. இரண்டாவது வி.பி.எஸ். என்பது. ஒரே வீட்டைச் சுவரெழுப்பிப் பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாயும் தனிப் பூட்டும் கொடுத்தாற்போன்றது. நமக்கென்று அளந்துவிட்ட பங்கு குறையாது. ஆயின் உட்பூட்டுப் பழுதானால் நாமே சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்றாவது, ஒரு ஸர்வர் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொள்ளும் தனிவீடு. நான்காவது கிளவுட். சத்திரத்தில் கூட்டத்துக்குத் தக்கபடி அறைகளை எடுத்து, எடுத்த நேரத்துக்கு மாத்திரம் வாடகை கொடுப்பதற்கு இது ஒப்பானது. திடீரென்று லக்ஷம் பேர் வரக்கூடிய தளங்களுக்கு இது ஏற்றதே. ஆனால் கூட்டத்தோடு பில்லும் பெருகும். இத்தனை ரூபாய்க்குமேல் போகும்போது அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்துகொள்ளாமல் கிளவுட்டில் இறங்குவது, விலை கேளாமல் கடையில் சாமான் கட்டச் சொல்வதற்கு நிகராகும்.

நமது சிறு ஸ்தாபனங்களுக்கு எது தக்கது? பெரும்பாலானவற்றுக்கு நல்ல ஒண்டுக்குடித்தனமே போதுமானது என்பது நமது கருத்து. ஸர்வரைப் பராமரிக்கத் தெரிந்தவர் ஒருவர் ஸ்தாபனத்தில் நிலையாக இருந்தாலன்றி வி.பி.எஸ். எடுக்கலாகாது. பாதுகாப்புத் திருத்தங்களைக் காலாகாலத்தில் போடாத ஸர்வர் கதவு திறந்து கிடக்கும் வீடாகும். அதற்குள் புகுகிறவர்கள் மனிதர்களாக இருக்கவேண்டுமென்பதில்லை, திறந்த கதவைத் தேடி அலையும் இயந்திரங்களே போதும். ஷேர்டு ஹோஸ்டிங் எடுத்தாலும் ஒன்றை விசாரிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் முதலியவை பி.எச்.பி. என்னும் கணினி மொழியைக் கொண்டு இயங்குகின்றன. அதன் 7.4 என்ற பதிப்புக்குத் திருத்தம் வெளியிடுவது 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தோடு நின்றுவிட்டது. இன்னும் அப்பதிப்பையோ அதற்கும் முந்தியதையோ முதன்மையாக வைத்து நடத்தும் கம்பெனி தன் வீட்டைப் பழுதுபார்ப்பதில்லை என்று அறிந்துகொள்ளலாம். கட்டுரைகளை வெளியிடுவதைத் தவிர வேறு காரியம் இல்லாத தளமானால், தரவுத்தளம் ஏதுமின்றி ஆயத்தமான பக்கங்களாகவே வைத்துவிடும் ஸ்டாடிக் முறை எல்லாவற்றிலும் சிலாக்கியமானது. செலவு மிகக் குறைவு, வேகம் அதிகம், களவுக்கு இடம் சொற்பம், வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதும் எளிது.

கம்பெனிகள் கொடுக்கும் வாக்குறுதிகளைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம். தளம் நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் திறந்திருக்கும் என்று வாக்களிக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. வருஷத்தில் 8760 மணி நேரம் உண்டு. ஆகவே 8 மணி 45 நிமிஷம் தளம் மூடிக்கிடந்தாலும் வாக்குத் தவறியதாகாது. 99 என்று மாத்திரம் சொன்னால் 87 மணிக்கு மேல் மூடியிருக்கலாம். 99.99 என்றால் 53 நிமிஷத்துக்குள் அடங்கவேண்டும். இவ்வாக்குத் தவறினால் பரிகாரம் என்ன என்பதே வக்கீல்கள் முதலில் பார்க்கும் ஷரத்து. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த மாத வாடகையில் ஒரு பகுதியை அடுத்த பில்லில் கழித்துக்கொடுப்பதோடு பொறுப்புத் தீர்ந்துவிடுகிறது. மாதம் 200 ரூபாய் வாடகை கொடுப்பவனுக்கு வரக்கூடிய நஷ்டஈட்டின் உச்சம் அந்த 200 ரூபாயே. தேர்தல் முடிவு வெளியாகும் இரவில் தளம் இருண்டுபோனால் உண்டாகும் நஷ்டத்துக்கு எந்தக் கோர்ட்டில் எதைக் கேட்பது? வழக்கு நடத்தவேண்டிய இடம் வேறொரு தேசம் என்றும் சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். ஆதலின் வாக்குறுதியைப் பாதுகாப்பு என்று எண்ணியிராமல், பாதுகாப்பைத் தாமே செய்துகொள்வதுதான் விவேகம்.

ஸர்வர் இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா ராஜ்யம் நேர்க்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர். போய்வர 28,000 ஆகையால், வழியில் யாதொரு தாமதமும் இல்லையென்றாலும் 0.14 வினாடி ஆகும். மும்பைக்குப் போய்வர 0.01 வினாடி போதும். பக்கத்தின் முதலெழுத்து வருமுன்னரே கணினிகள் இரண்டும் இரண்டு மூன்று தடவை ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வதால், தூரத்தின் தாமதம் அத்தனை மடங்கு பெருகுகிறது. தஞ்சை ஜில்லாக் கிராமத்தில் சாதாரணக் கைப்பேசியில் வாசிப்பவருக்கு இவ்வித்தியாசம் புலப்படவே செய்யும். பெரும் கம்பெனிகள் பலவற்றுக்கு இப்பொழுது மும்பையிலும், சிலவற்றுக்குச் சென்னையிலும் ஸர்வர் நிலையங்கள் இருக்கின்றன. இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று வாசகர்கள் பரந்து கிடந்தால், பக்கங்களின் பிரதிகளைப் பல நகரங்களில் வைத்து அருகிலிருந்து பரிமாறும் ஸி.டி.என். என்னும் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 2021-ம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி இரவில், பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலே, ஓ.வி.எச். கம்பெனியின் ஸர்வர் கட்டிடம் ஒன்று முற்றும் எரிந்துபோயிற்று. அடுத்த கட்டிடத்திலும் ஒரு பகுதி சேதமுற்றது. லக்ஷக்கணக்கான தளங்கள் அன்று காலை இருண்டன. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ எழுந்து நின்றார்கள். வைக்காதவர்களுள் பலருக்கு எல்லாம் சாம்பலாயிற்று. தனியார் கம்பெனி ஆகையால் இப்படி நேர்ந்தது என்று சொல்வதற்கும் இடமில்லை. 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 26-ந் தேதி தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத்தாரின் ஸர்வர் நிலையத்திலேயே பாட்டரிகளிலிருந்து தீ மூண்டு, 600-க்கு மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றன. உத்தியோகஸ்தர்கள் தஸ்தாவேஜுகளைச் சேமித்து வைத்திருந்த ஒரு களஞ்சியத்தில் மாத்திரம் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிதாகையால் அதற்கு வெளியிடத்தில் பிரதி எடுக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். தீதான் வேண்டுமென்பதுமில்லை. கிட்லாப் என்ற கம்பெனியில் 2017-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி ஊழியர் ஒருவர் தவறான ஸர்வரில் கட்டளையிட்டுத் தரவுகளை அழித்துவிட்டார். பிரதியெடுக்கும் ஏற்பாடுகள் ஐந்து இருந்தன; ஆபத்துக் காலத்தில் அவற்றுள் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்திருந்த ஒரு பிரதியே கம்பெனியைக் காப்பாற்றியது.

இவற்றால் விளங்குவது யாது? ஹோஸ்டிங் கம்பெனி தினந்தோறும் பேக்கப் எடுக்கிறது என்று சொன்னால், அதற்காக வந்தனம் கூறி, நமது பிரதியை நாம் வேறிடத்தில் தனியே எடுத்துவைக்க வேண்டும். ஒரே பெட்டியில் நகையையும் நகைப் பட்டியலையும் வைத்துப் பூட்டுகிறவன் பெட்டி போனால் இரண்டையும் இழப்பான். மேலும், எடுத்த பிரதியிலிருந்து தளத்தை மீட்டுப் பார்த்தாலன்றி அது பிரதியாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டு இதைச் சோதித்தல் வேண்டும்.

பிரதிக்கு அடுத்தது பெயர். நமது அனுபவத்தில் நமது ஸ்தாபனங்கள் அதிகமாக ஏமாறுவது இதிலேதான். தளத்தை அமைத்துக் கொடுத்த வாலிபர் தமது சொந்த மின்னஞ்சலைக் கொண்டு டொமைன் பெயரைப் பதிவு செய்துவிடுகிறார். அவர் பின்னர் வேலை கிடைத்து வெளிநாடு செல்கிறார், மின்னஞ்சல் மாறுகிறது, புதுப்பிக்கும்படி வரும் கடிதம் யார் கண்ணிலும் படுவதில்லை. தவணை கடந்து பெயர் நீக்கப்பட்டால், பொதுவாக டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்கு மீட்பதற்கென 30 நாள் உண்டு. அதற்குக் கட்டணமும் அதிகம். அதுவும் கடந்தால் பெயர் பொது ஏலத்துக்கு வந்ததற்கு ஒப்பாகும். பத்து வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த பெயரில் சூதாட்ட விளம்பரம் தொங்குவதைக் காணும் நிலை ஏற்படுகிறது. இலவசப் பெயர்களின் கதி இன்னும் மோசம். டாட் டி.கே. முதலிய பெயர்களை இலவசமாக வாரி வழங்கிய பிரீநோம் என்னும் கம்பெனி 2023-ல் புதுப் பெயர் கொடுப்பதை நிறுத்தி, 2024-ல் அத்தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. ஆகவே பெயர் ஸ்தாபனத்தின் பெயராலேயே பதிவாக வேண்டும். பெயரைப் பதிவு செய்யும் கம்பெனியும் இடம் கொடுக்கும் கம்பெனியும் வேறு வேறாக இருப்பது உத்தமம். இருவரும் ஒருவரேயானால், வாடகை வழக்கில் வீட்டுக்காரன் பெயர்ப்பலகையையும் பிடித்து வைத்துக்கொள்ள ஏதுவாகும்.

அரசியலில் ஈடுபட்ட அன்பர்கள் மற்றொன்றையும் சிந்திக்க வேண்டும். பத்திரிகைக்கு இருப்பிடம் உயிர்நிலை என்பது நமக்குப் புதிதன்று. 1908-ம் வருஷத்தில் 'இந்தியா' பத்திரிகை சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதன் பிரதிகள் நுழையாமல் தடுக்கப்பட்டபின் 1910-ல் நின்றுபோயிற்று. நமது காலத்தில் 2010-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் விக்கிலீக்ஸ் தளத்துக்கு நேர்ந்ததும் இவ்வகையானதே. முதல் தேதியன்று அமேஸான் கம்பெனி தன் ஸர்வரிலிருந்து அதை வெளியேற்றிற்று. அடுத்த ஓரிரு நாளில் பெயரை வழிகாட்டி வந்த கம்பெனியும் கைவிட்டது. அத்தளம் செய்தது சரியா, தவறா என்ற வாதத்தில் நாம் இங்கே புகவில்லை. எந்த நீதிமன்றத்தின் உத்தரவும் இல்லாமலே, ஒப்பந்த ஷரத்து ஒன்றைக் காட்டி, ஒரு தளத்தை ஒரு நாளில் வெளியேற்றிவிட முடியும் என்பதைமட்டும் சுட்டிக்காட்டுகிறோம். நமது தேசத்தில் 2015-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஷ்ரேயா ஸிங்கால் வழக்கிலே ஸுப்ரீம் கோர்ட்டார், நீதிமன்றத்தின் உத்தரவோ அரசாங்கத்தின் அறிவிப்போ வந்த பிறகே இத்தகைய இடையீட்டாளர்கள் எழுத்தை நீக்கக் கடமைப்பட்டவர்கள் என்று விளக்கினார்கள். ஆனால் அத்தீர்ப்பு, கம்பெனிக்குச் சட்டம் விதிக்கும் கடமையைப்பற்றியது; கம்பெனி தானாகவே நீக்கலாம் என்று நாமே கையொப்பமிட்டுக் கொடுக்கும் ஷரத்தை அது அழித்துவிடாது. எனவே நீக்குமுன் நோட்டீஸ் கொடுப்பார்களா, எத்தனை நாள் தவணை, நீக்கியபின் நமது கோப்புக்களை எடுத்துக்கொள்ள விடுவார்களா என்ற மூன்று விஷயங்களையும் ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்தே பணம் கட்ட வேண்டும்.

பணத்தைப்பற்றியும் இரண்டொரு வார்த்தை. விளம்பரத்தில் காணும் விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டுமே உரியது. அதுவும் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால்தான் கிடைக்கும். புதுப்பிக்கும்போது அது இரட்டிப்பாகவோ அதற்கு மேலாகவோ ஆகலாம். ஆதலால் பொக்கிஷதார் ஐந்து வருஷச் செலவைக் கூட்டிப் பார்த்து ஒப்பிடுவதே முறை. தளத்துக்கும் வாசகனுக்கும் இடையே செல்வதை மூடிமறைத்துக் காக்கும் டி.எல்.எஸ். சான்றிதழை, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கமற்ற சேவை 2015-ம் வருஷ முடிவிலிருந்து இலவசமாகவே பொதுமக்களுக்கு வழங்கி வருகிறது. சாதாரணத் தளத்துக்கு அச்சான்றிதழை ஆயிரக்கணக்கில் விலை கூறி விற்கும் கடையைச் சற்று யோசித்தே அணுக வேண்டும். பணம் கட்டுமுன், கம்பெனியின் உதவிப் பகுதிக்கு இரவு பத்து மணிக்கு ஒரு கேள்வி எழுதிப் பார்க்கலாம். வாடிக்கையாளராக வரப்போகிறவனுக்கே மறுநாள் மாலைதான் பதில் கிடைக்குமானால், வந்துவிட்டவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1994-ல் தொடங்கி லக்ஷக்கணக்கான சாமானிய ஜனங்களுக்கு இலவசமாக இடம் கொடுத்த ஜியோஸிட்டீஸ் என்னும் பேட்டையை, 1999-ல் அதை வாங்கிய யாஹூ கம்பெனி 2009-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மூடிவிட்டது. தொண்டர்கள் சிலர் அவசரமாக முயன்று பெரும்பகுதியைப் பிரதியெடுத்தார்கள். மற்றவை போனவை போனவையே. இதற்கு மாறாக, 1998-ம் வருஷம் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்களைக்கொண்டு தட்டெழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பரப்பலாம் என்று அதனர் வெளியிட்டார்கள். எழுத்துமுறை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியது. அந்நூல்களும் மாறி நிலைத்தன. அவற்றின் பிரதிகள் இன்று எண்ணற்ற கணினிகளில் உள்ளன. ஒரு ஸர்வர் எரிந்தால் அவை அழியா. ஏட்டைப் படியெடுத்துப் படியெடுத்தே நூல்களைக் காத்த மரபினருக்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தளம் வைத்திருக்கும் ஒவ்வொரு ஸ்தாபனத்தின் காரியக் கமிட்டியும் அடுத்த கூட்டத்திலேயே நான்கு காரியங்களைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறோம். டொமைன் பெயர் ஸ்தாபனத்தின் பெயரால் இருக்கிறதா என்று விசாரித்து, இல்லையேல் மாற்றுதல். கடவுச்சொற்களைக் காரியதரிசியும் மற்றோர் அங்கத்தினரும் அறியும்படி முத்திரையிட்டு வைத்தல். தளத்தின் முழுப் பிரதியை வாரந்தோறும் வேறிடத்தில் சேர்த்தல். புதுப்பிக்கும் தேதியை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுதல். இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் ஆண்டுவிழாவின் பந்தல் செலவுக்கும் குறைவு. இவற்றை முடித்தபின் எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு வாருங்கள். அப்பொழுது அது இலகுவான கேள்வியாகிவிடும். ஏனெனில், நல்லதல்ல என்று கண்ட அன்றே அதை விட்டு வெளியேறும் வல்லமை உங்கள் கையில் இருக்கும்.